நானூறு ஆண்டு உறங்கிய மலை

சுமத்ராவின் சினபூங் எரிமலையும் காலியான கிராமங்களும்

மலை என்றால் நமக்கு அசையாத பொருள். "மலை போல் நம்பியிருந்தேன்" என்றுதான் பேசுகிறோம். திருப்பதியில் கடையிலும் ஓட்டலிலும் ஆபீசிலும் வேலை பார்க்கும் நம்மவர்கள் காலையில் வெளியே வந்தால் எதிரே ஏழுமலை நிற்கிறது. சித்தூரைச் சுற்றிலும் குன்றுகள். பாட்டன் காலத்தில் எங்கே இருந்தனவோ அங்கேதான் இன்றும் இருக்கின்றன. பேரன் காலத்திலும் அங்கேதான் இருக்கும்.

இந்த நம்பிக்கை எல்லா நாட்டு மலைகளுக்கும் பொருந்துவதில்லை. வங்கக் கடலுக்கு அப்பால், இந்தோனேஷியாவின் சுமத்ரா தீவில் சினபூங் என்றொரு மலை இருக்கிறது. அதன் அடிவாரத்து விவசாயிகளும் நம்மைப் போலத்தான் நம்பியிருந்தார்கள். அந்த மலை நெருப்பைக் கக்கியதாக நானூறு ஆண்டுகளாக எந்தக் குறிப்பும் இல்லை. கொள்ளுப் பாட்டனுக்குக் கொள்ளுப் பாட்டன் கூடப் பார்த்ததில்லை. 2010 ஆகஸ்டு மாதக் கடைசியில் அந்த மலை விழித்துக்கொண்டது. அதன் பிறகு பத்து ஆண்டுகளுக்கு மேல் அது அடிக்கடி சீறியது. ஊர்கள் காலியாயின. உயிர்கள் போயின. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் முகாம்களில் காலம் தள்ளின.

எங்கோ வெடித்த மலையைப் பற்றி நமக்கு என்ன என்று சிலர் கேட்கலாம். அந்த மண்ணோடு தமிழருக்கு ஆயிரம் ஆண்டுத் தொடர்பு உண்டு. அதே வட்டாரத்தில் வெடித்த இன்னொரு எரிமலையின் சாம்பல் நம் ஆந்திர மண்ணிலேயே கிடக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சொந்த ஊரை விட்டுவிட்டுப் பிழைப்புக்காக வேறிடம் வந்தவர்கள் நாம். ஊரை விட்டுப் போ என்று சொன்னால் ஒரு குடும்பத்துக்கு எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும்.

சோழியா, பாண்டியா

வடக்கு சுமத்ராவின் பெரிய நகரம் மேடான். அங்கிருந்து தென்மேற்கே மேட்டு நிலத்தில் ஏறினால் காரோ என்னும் மக்களின் நாடு வருகிறது. பெராஸ்தாகி, கபன்ஜாஹே என்பவை அங்குள்ள முக்கிய ஊர்கள். இரண்டு எரிமலைகள் இந்த மேட்டு நிலத்தைக் காவல் காப்பது போல நிற்கின்றன. ஒன்று சிபாயாக். மற்றொன்று சினபூங். சினபூங்கின் உயரம் சுமார் 2,460 மீட்டர். நம் திருமலையின் உயரம் ஆயிரம் மீட்டருக்குள்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் பெருமை விளங்கும்.

காரோ மக்களில் ஐந்து பெருங்குலங்கள் உண்டு. அவற்றில் ஒன்றின் பெயர் செம்பிரிங். அந்தக் குலத்தின் உட்பிரிவுகளைக் கேட்டால் நமக்கு வியப்பாக இருக்கும். சோழியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா, பிரமானா! சோழர், பாண்டியர், பல்லவர், மலையாளர், பிராமணர் என்ற பெயர்களின் சாயல்தான் இவை என்று ஆராய்ச்சியாளர்கள் கூறுகிறார்கள். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்ற பழைய துறைமுகம் உண்டு. கற்பூரத்துக்குப் பேர் போன இடம். அதன் அருகே கிடைத்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கி.பி. 1088ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் அங்கே இருந்ததை அது சொல்கிறது. கடல் கடந்து போன நம் வணிகர்களின் உறவு மேட்டு நிலம் வரை எட்டியிருக்க வேண்டும்.

இது பழைய கதை. புதிய கதையும் உண்டு. 1860களில் மேடானைச் சுற்றியுள்ள டெலி வட்டாரத்தில் டச்சுக்காரர்கள் புகையிலைத் தோட்டம் போட்டார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் தமிழ்நாட்டுக் கூலிகள் கப்பலேறினார்கள். சாலை போடவும், வாய்க்கால் வெட்டவும், மாட்டு வண்டி ஓட்டவும் நம் ஆட்களைத்தான் வைத்தார்கள். அவர்கள் குடியேறிய பேட்டையில் 1884இல் மாரியம்மன் கோயில் எழுந்தது. அந்தப் பேட்டைக்கு இன்று கம்போங் மெட்ராஸ் என்று பெயர். கூலியாகப் போனவன் அம்மனையும் கூடவே அழைத்துப் போயிருக்கிறான்!

கொடுத்ததும் அந்த மலைதான்

நெருப்பு மலைக்கு அடியில் போய் ஏன் வீடு கட்ட வேண்டும்? இந்தக் கேள்வி எல்லோருக்கும் எழும். அதற்குப் பதில் மண்ணில் இருக்கிறது.

எரிமலைச் சாம்பல் விழுந்த உடனே பயிரைக் கொல்லும். ஆனால் மழையிலும் வெயிலிலும் கிடந்து மக்கிய பிறகு அதுவே உரமாகிறது. பொட்டாசியம், கால்சியம், பாஸ்பரஸ் போன்ற சத்துக்கள் அதில் உண்டு. ஈரத்தையும் நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். டெலிப் புகையிலை உலகச் சந்தையில் பெயர் வாங்கியதற்கு அந்தப் பக்கத்து எரிமலை மண் ஒரு முக்கியக் காரணம். காரோ மேட்டு நிலத்தில் முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய், காபி, ஆரஞ்சு எல்லாம் செழித்து வளரும். மேடான் நகரச் சந்தைக்குக் காய்கறி லாரிகள் பெராஸ்தாகியிலிருந்துதான் இறங்கும்.

ஆகவே அடிவாரத்தில் குடியிருப்பது முட்டாள்தனம் அல்ல. நூற்றாண்டுக் கணக்கில் அந்த மலை சோறு போட்டது. கஷ்டம் என்னவென்றால், சோறு போட்ட கைதான் அடிக்கவும் செய்கிறது.

மலை ஏன் வெடிக்கிறது?

பூமியின் மேல் ஓடு ஒரே துண்டு அல்ல. பெரிய பெரிய பாளங்களாகப் பிரிந்து, மிக மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. நகம் வளரும் வேகம் என்று வைத்துக்கொள்ளலாம். சுமத்ராவுக்கு மேற்கே, கடலுக்கு அடியில், இந்தியப் பெருங்கடலின் பாளம் தீவின் பாளத்துக்குக் கீழே சரிந்து போகிறது. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தையும் கடலூரையும் சென்னைக் கடற்கரையையும் தாக்கிய சுனாமிக்குக் காரணமான பூகம்பம் இந்த உரசலில்தான் பிறந்தது.

கீழே சரியும் பாளத்தோடு கடல் நீரும் உள்ளே போகிறது. அந்த நீர், ஆழத்தில் உள்ள சூடான பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. பாறை உருகிக் குழம்பாகி மேலே எழும்புகிறது. குழம்போடு நீராவியும் வாயுக்களும் கலந்திருக்கும். சோடா பாட்டிலைக் குலுக்கி மூடியைத் திறந்தால் என்ன ஆகும்? அதேதான். மேலே வர வர அழுத்தம் குறைந்து வாயு விரிகிறது. குழம்பு நீர்த்திருந்தால் வழிந்து ஓடும். கெட்டியாக இருந்தால் வாயுவை அடைத்து வைத்து ஒரு நாள் வெடிக்கும். சினபூங் இரண்டாவது வகை.

2010 ஆகஸ்டு

2010 ஆகஸ்டு 29ஆம் தேதி நள்ளிரவு கடந்த நேரத்தில் மலை உறுமியது. உச்சியில் நெருப்பு தெரிந்தது. சாம்பல் பொழிந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் இருட்டில் ஓடினார்கள். அடுத்த சில நாட்களில் சுமார் 30,000 பேர் ஊரை விட்டு வெளியேறினார்கள்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. இந்தோனேஷியாவில் சுமார் 130 உயிருள்ள எரிமலைகள் உண்டு. எல்லாவற்றுக்கும் கருவி வைத்துக் காவல் காக்கப் பணமும் ஆளும் வேண்டும். ஆகவே அந்நாட்டு அரசு எரிமலைகளைத் தரம் பிரித்து வைத்திருந்தது. 1600ஆம் ஆண்டுக்குப் பிறகு வெடித்ததாகப் பதிவு உள்ளவை முதல் தரம். மற்றவை அடுத்த தரம். சினபூங் இரண்டாம் தரப் பட்டியலில் இருந்தது. எனவே அங்கே நிலையான கண்காணிப்பு இல்லை. 2010க்குப் பிறகுதான் அது முதல் தரத்துக்கு உயர்த்தப்பட்டு, நில அதிர்வுக் கருவிகள் வைக்கப்பட்டன. நானூறு ஆண்டு என்பது மனிதனுக்கு நீண்ட காலம். மலைக்கு அது ஒரு மதியத் தூக்கம்.

வெப்ப மேகம்

2010இல் வெடித்த மலை சில வாரங்களில் அடங்கிவிட்டது. மக்கள் திரும்பினார்கள், பயிர் வைத்தார்கள். 2013 செப்டம்பர் 15 அன்று மறுபடி ஆரம்பித்தது. இந்த முறை அடங்கவில்லை. இந்தோனேஷியாவில் எரிமலை எச்சரிக்கை நான்கு படிகள் கொண்டது. நான்காவது படிக்கு 'அவாஸ்' என்று பெயர். அபாயம் என்று பொருள். நவம்பர் 24ஆம் தேதி சினபூங் அந்தப் படிக்கு ஏற்றப்பட்டது. மலையைச் சுற்றி 5 கி.மீ. வட்டத்துக்குள் யாரும் இருக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று.

எரிமலை என்றால் சிவந்த குழம்பு ஆறாக ஓடி வரும் என்று சினிமாவில் பார்த்திருக்கிறோம். உண்மையில் அந்தக் குழம்பு பெரும்பாலும் மெதுவாகத்தான் நகரும். நடந்தே தப்பிவிடலாம். ஆளைக் கொல்வது வேறொன்று. உச்சியில் கெட்டிக் குழம்பு கும்பம் போலக் குவியும். அது கனம் தாங்காமல் சரிந்தால், பொடிந்த பாறையும் சாம்பலும் வாயுவும் ஒன்றாகக் கலந்து சரிவில் பாயும். இந்தோனேஷியர்கள் இதை 'அவான் பானாஸ்' என்கிறார்கள். வெப்ப மேகம் என்று பொருள். அதன் சூடு பல நூறு டிகிரி. வேகம் மணிக்கு நூறு கி.மீ.க்கும் மேல் போகும். பார்த்துவிட்டு ஓடலாம் என்று நினைப்பவனுக்கு நேரம் கிடையாது.

2014 ஜனவரிக் கடைசியில் மலை கொஞ்சம் ஓய்ந்தது போலத் தெரிந்தது. 5 கி.மீ.க்கு அப்பால் உள்ள ஊர்க்காரர்கள் வீடு திரும்பலாம் என்று அனுமதி கிடைத்தது. அதற்கு மறுநாள், பிப்ரவரி 1ஆம் தேதி காலை, வெப்ப மேகம் இறங்கியது. மலை வாயிலிருந்து சுமார் 3 கி.மீ. தூரத்தில் உள்ள சுகமேரியா என்ற கிராமம் அதன் பாதையில் இருந்தது. அது தடை வட்டத்துக்குள் இருந்த ஊர். அங்கே யாரும் இருந்திருக்கக் கூடாது. ஆனால் மலையைக் கிட்டத்தில் பார்க்கப் போனவர்களும், பள்ளி மாணவர்களும், செய்தி சேகரிக்கச் சென்றவர்களும் அன்று அங்கே இருந்தார்கள். குறைந்தது 16 பேர் இறந்தார்கள். மீண்டும் வெப்ப மேகம் வரும் என்ற அச்சத்தால் உடல்களைத் தேடும் வேலையைக் கூட நிறுத்தி நிறுத்தித்தான் செய்ய முடிந்தது.

முகாமில் ஒரு பிழைப்பு

அப்போது முகாம்களில் இருந்தவர்கள் இருபதாயிரத்துக்கும் மேல். மாதா கோயில்கள், மசூதிகள், பள்ளிக்கூடங்கள், 'ஜம்பூர்' எனப்படும் கல்யாணக் கூடங்கள் எல்லாம் முகாம்களாயின. ஒரே கூடத்தில் பல நூறு பேர். பாய்க்குப் பக்கத்தில் பாய். சமையல் பொது. சண்டை, சச்சரவு, காய்ச்சல், இருமல் எல்லாம் பொது.

சோறு கிடைத்தது, உண்மைதான். ஆனால் விவசாயிக்குச் சோறு மட்டும் போதுமா? விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் நிற்கிறது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டும். ஆரஞ்சு மரமும் காபிச் செடியும் ஒரு பருவப் பயிர் அல்ல. பல ஆண்டுகள் வளர்த்தால்தான் பலன். அவை சாம்பலுக்கு அடியில் கிடக்கின்றன. ஒரு நடை போய்ப் பார்த்து, இலையைத் தட்டிவிட்டு, இருப்பதைப் பறித்து வந்தால் என்ன?

இப்படித்தான் போனார்கள். பகலில் தடை வட்டத்துக்குள் புகுந்து வயல் வேலை பார்த்துவிட்டு இரவில் முகாமுக்குத் திரும்புவது பலருக்கு வழக்கமாயிற்று. காவல் வைத்துத் தடுத்தாலும் ஊர்க்காரனுக்குத் தெரியாத குறுக்கு வழியா? பல நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத ஒவ்வொரு நாளும் துணிச்சலைக் கூட்டியது.

2016 மே 21ஆம் தேதி மாலை, காம்பேர் என்ற கிராமத்தில் வயல்களில் ஆட்கள் இருந்தபோது வெப்ப மேகம் இறங்கியது. 7 பேர் இறந்தார்கள். அந்த ஊரும் தடை வட்டத்துக்குள்தான் இருந்தது. எச்சரிக்கை இருந்தது. பலகை இருந்தது. இறந்தவர்களுக்கு அது தெரியாமல் இல்லை. கையில் காசு இல்லாததும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அவர்களை அறிவில்லாதவர்கள் என்று சொல்வது எளிது. மழையில் நனைந்து காய்ச்சலோடு வேலைக்குப் போகும் கூலிக்காரனை நாம் அப்படிச் சொல்வோமா? போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. அபாயம் வரலாம், வராமலும் போகலாம். பசி கட்டாயம் வரும்.

சியோசார் என்ற புது ஊர்

மலைக்கு மிக அருகில் இருந்த பெக்கேரா, சிமாச்சம், சுகமேரியா என்ற மூன்று கிராமங்களுக்கும் இனி அங்கே வாழ்வு இல்லை என்று அரசு முடிவு செய்தது. மலைக்குத் தொலைவில், சியோசார் என்ற இடத்தில் காட்டு நிலத்தைத் திருத்திப் புது ஊர் அமைத்தார்கள். ராணுவத்தினர் சாலை போட்டு வீடு கட்ட உதவினார்கள். 370 குடும்பங்களுக்கு வீடும், குடும்பத்துக்கு அரை ஹெக்டேர், அதாவது சுமார் ஒன்றேகால் ஏக்கர் விளை நிலமும் என்பது ஏற்பாடு. 2015 முதல் குடும்பங்கள் குடியேறின.

வீடு கிடைத்தது. ஆனால் புது மண் பழைய மண் ஆகுமா? காட்டை வெட்டிய நிலம் பண்பட நாளாகும். சந்தை தூரம். இருந்தாலும் இரவில் பயமில்லாமல் தூங்கலாம். கூருகினாயன், பெராஸ்தெப்பு, காம்பேர், கூத்தா தொங்கால் முதலிய ஊர்க்காரர்கள் அடுத்த கட்டத்துக்காகக் காத்திருந்தார்கள். கூருகினாயன் என்பது செம்பிரிங் குலத்தின் ஒரு பிரிவுக்கும் பெயர். ஊர்ப் பெயரே குலப் பெயராக இருக்கும் இடத்தில், ஊரை விடு என்றால் பெயரையே விடு என்று சொல்வது போல.

2018 பிப்ரவரி 19ஆம் தேதி சினபூங் மிகப் பெரிதாக வெடித்தது. சாம்பல் பத்து கி.மீ.க்கு மேல் எழும்பியது. மலையின் உச்சியே ஓரளவு பெயர்ந்து போய் அதன் வடிவம் மாறியது. பள்ளிக்கூடம் விட்டு ஓடிய பிள்ளைகளின் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. ஆனால் அன்று ஓர் உயிரும் போகவில்லை. அருகில் இருந்த ஊர்கள் காலியாக இருந்ததே காரணம். வெடிப்பு பெரிது, சாவு இல்லை. 2014இல் வெடிப்பு சிறிது, சாவு அதிகம். ஆள் எங்கே இருந்தான் என்பதுதான் கணக்கு. 2020 ஆகஸ்டிலும் 2021இலும் மலை மறுபடி சாம்பலைக் கக்கியது.

நம் காலடியிலும் சாம்பல்

சினபூங்குக்குத் தெற்கே சுமார் 40 கி.மீ. தூரத்தில் தோபா ஏரி தொடங்குகிறது. நூறு கி.மீ. நீளம், முப்பது கி.மீ. அகலம். பார்க்கக் கடல் போல இருக்கும். அது ஏரியே அல்ல. ஒரு பிரும்மாண்டமான எரிமலையின் வாய். சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்தது. மனிதன் பூமியில் தோன்றிய பிறகு நடந்த எரிமலை வெடிப்புகளில் இதைவிடப் பெரியது வேறு இல்லை என்கிறார்கள்.

அந்தச் சாம்பல் காற்றில் கலந்து வங்கக் கடலைத் தாண்டி வந்து இந்தியா முழுதும் விழுந்தது. நம் ராயலசீமையிலும் விழுந்தது. பழைய கர்நூல் மாவட்டத்தில் (இப்போது நந்தியால் மாவட்டம்) பனகானபள்ளிப் பக்கம் ஜுர்ரேறு என்ற சிறு நதியின் பள்ளத்தாக்கில் ஜ்வாலாபுரம் என்ற கிராமம் உண்டு. திருப்பதியிலிருந்து 300 கி.மீ. தூரத்துக்குள்தான். அங்கே மண்ணைத் தோண்டினால் வெள்ளைச் சாம்பல் அடுக்கு தெரிகிறது. சில இடங்களில் இரண்டு மீட்டர் கனத்துக்கும் மேல். மழை நீர் அடித்து வந்து தாழ்ந்த இடத்தில் சேர்த்ததால் அத்தனை கனம். துலக்கும் பொடிக்கு உதவும் என்று ஊர்க்காரர்கள் அதை வெட்டி விற்று வந்தார்கள்.

மைக்கேல் பெட்ராக்லியா, ரவி கோரிசெட்டர் ஆகிய அறிஞர்களின் குழு அங்கே அகழ்ந்து பார்த்தது. சாம்பலுக்குக் கீழேயும் கற்கருவிகள் கிடைத்தன. சாம்பலுக்கு மேலேயும் அதே மாதிரிக் கருவிகள் கிடைத்தன. 2007இல் இந்த முடிவு வெளியாயிற்று. அத்தனை பெரிய சாம்பல் மழைக்குப் பிறகும் அங்கே மனிதன் பிழைத்துக் கிடந்தான் என்று அதற்கு அவர்கள் பொருள் கூறினார்கள். ஜ்வாலை என்ற சொல் அந்த ஊர்ப் பெயரில் இருப்பது தற்செயல்தான். ஆனாலும் பொருத்தமான பெயர்!

அப்படியானால் நம் பக்கத்து மலைகள்? பயப்பட வேண்டாம். திருமலை எரிமலை அல்ல. பழங்காலக் கடலோரத்தில் படிந்த மணல் இறுகி உண்டான குவார்ட்சைட் கல்தான் அதன் மேற்பகுதி. அதற்குக் கீழே அதனினும் மிகப் பழைய கருங்கல். இரண்டும் சந்திக்கும் இடம் மலைப்பாதையில் வெளிப்படையாகத் தெரிகிறது. நில இயல் ஆய்வுத் துறை அதைத் தேசியச் சின்னமாக அறிவித்துப் பலகை வைத்திருக்கிறது. பஸ்ஸில் போகும் பக்தர்களில் பலர் கவனிப்பதில்லை.

ஆயினும் நெருப்புக்கும் நம் பக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல முடியாது. கோலார் தங்க வயலில் நம் வட ஆற்காட்டு, சித்தூர் மாவட்டத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாறையைக் குடைந்தார்களே, அந்தப் பாறை சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு உறைந்து மாறியதுதான். அதே பாறைப் பட்டை தெற்கே நீண்டு, குப்பம் பக்கம் சிகர்குண்டா வரை வருகிறது. 2001இல் கோலார் சுரங்கம் மூடப்பட்டபோது, ஒரு பழைய எரிமலை போட்ட சோறும் நம் மக்களுக்கு நின்றுபோயிற்று.

நம் நாட்டின் எரிமலை

இந்தியாவில் இன்றும் உயிரோடு இருக்கும் எரிமலை ஒன்றே ஒன்று. அந்தமான் கடலில், பாரன் தீவில் இருக்கிறது. போர்ட் பிளேர் நகருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்) வடகிழக்கே சுமார் 140 கி.மீ. தூரம். சுமத்ராவின் எரிமலை வரிசையின் தொடர்ச்சிதான் இது. 1787இல் வெடித்ததாக முதல் குறிப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியோடு அடங்கியது. சுமார் 150 ஆண்டு உறக்கத்துக்குப் பின் 1991இல் விழித்தது. அதன் பிறகு பலமுறை வெடித்திருக்கிறது. அங்கே மனிதர் குடியிருப்பு இல்லை. காட்டு ஆடுகளும் பறவைகளும்தான். அந்தமானில் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கும் இந்த மலைக்கும் நடுவே கடல் இருப்பது நம் அதிர்ஷ்டம்.

மணியோசை

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். எரிமலையும் பெரும்பாலும் மணியடித்துவிட்டுத்தான் வரும். நிலம் சிறிது சிறிதாக அதிரும். மலையின் உடம்பு வீங்கும். கந்தக வாயு கூடும். கேட்க ஆள் வேண்டும். கேட்டபின் நகர மனம் வேண்டும்.

1985 நவம்பர் 13 அன்று தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்தது. உச்சிப் பனி உருகிச் சேற்று வெள்ளமாகி அர்மேரோ என்ற ஊரை மூடியது. 23,000 பேருக்கு மேல் மாண்டார்கள். எந்த ஊருக்கு அபாயம் என்று காட்டும் வரைபடம் ஒரு மாதத்துக்கு முன்பே தயாராக இருந்தது! ஊரை அப்புறப்படுத்தும் உத்தரவுதான் காலத்தில் வரவில்லை. இதற்கு நேர் மாறாக, 2010 அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஜாவாவின் மெராப்பி வெடித்தபோது லட்சக்கணக்கான மக்கள் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். அப்படியும் 350 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆனால் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

நமக்கு எரிமலை இல்லை, வெள்ளம் இருக்கிறது. 2021 நவம்பரில் திருப்பதியில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ராயலசெருவு ஏரியின் கரையில் கசிவு கண்டதும் கீழேயுள்ள கிராமங்களை வெளியேறச் சொன்னார்கள். அதிகாரிகளும் ஊராரும் மணல் மூட்டை அடுக்கினார்கள். கரை நின்றது. வெளியேறியவர்கள் வீணாக அலைந்தோம் என்று நினைத்திருக்கலாம். வீண் அல்ல. பத்து முறை வீணாக ஓடினாலும் பதினோராவது முறை உயிர் நிற்கும்.

ஆனால் ஓடச் சொல்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஆட்டையும் மாட்டையும் எங்கே கட்டுவது, கடனை யார் பொறுப்பது, கூலி இல்லாத நாட்களுக்கு என்ன வழி என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். சுகமேரியாவில் ஆட்களைத் தடை வட்டத்துக்கு வெளியே நிறுத்த நல்ல காவல் போதுமாயிருக்கும். காம்பேரில் காவல் மட்டும் போதாது. அங்கே போனவர்கள் வேடிக்கை பார்க்கப் போகவில்லை, பிழைப்புக்குப் போனார்கள். அவர்களுக்கு முன்பே ஓர் ஏக்கர் நிலம் வேறிடத்தில் கிடைத்திருந்தால், அந்த மே மாத மாலையில் ஏழு பேரும் அந்த நிலத்தில் களை எடுத்துக்கொண்டிருப்பார்கள். எச்சரிக்கைப் பலகையும் கஞ்சித் தொட்டியும் மாற்று நிலமும் சேர்ந்து வந்தால்தான் ஊர் நகரும். இது சுமத்ராவுக்கும் பொருந்தும், சுவர்ணமுகி ஆற்றங்கரைக்கும் பொருந்தும்.